பைக்கா, காரா? புனேயில் ஆபீஸ் போய்வர உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

ஹிஞ்சவடியில் வேலை, கோத்ரூடிலோ வார்ஜேயிலோ வாடகை வீடு. புனேயில் இருக்கும் தமிழ் ஐ.டி. ஊழியர்கள் பலரின் வாரநாட்கள் இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் ஓடுகின்றன. முதல் ஓரிரு ஆண்டு பைக். அப்புறம் சம்பளம் கொஞ்சம் ஏறும், ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்திருப்போம், வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கும். "பேசாம ஒரு கார் வாங்கிடலாமா?" என்ற கேள்வி தானாக வந்து நிற்கும்.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. குறைந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. சிறிய பெட்ரோல் கார்களுக்கு 28% வரியும் அதன் மேல் 1% செஸ்ஸும் இருந்தது. இப்போது 18% மட்டும். 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் 28 சதவீதம் 18 ஆகிவிட்டது. ஆனால் இது வாங்கும் விலையில் கிடைத்த குறைவு. பெட்ரோல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள்ளேயே வரவில்லை. வாங்கிய பிறகு மாதாமாதம் ஆகும் செலவை அந்த அறிவிப்பு பெரிதாகத் தொடவில்லை.

அந்த மாதச் செலவைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கணக்குக்கு முன் சில நிபந்தனைகள்

புனே ஒரு டூவீலர் நகரம். 2018-லேயே இங்கே பதிவான வாகனங்கள் 36 லட்சத்தைத் தாண்டி, நகர மக்கள்தொகையை முந்திவிட்டன. அதில் சுமார் 27 லட்சம் இருசக்கர வாகனங்கள். ஆகுர்டியில் பஜாஜ், பிம்ப்ரியில் டாடா மோட்டார்ஸ் என்று இரண்டு தரப்பையும் தயாரிக்கும் ஊரும் இதுதான். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

கோத்ரூடிலிருந்து ஹிஞ்சவடி ஐ.டி. பார்க்குக்கு ஒருவழி 17 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போய்வர 34. மாதம் 22 நாள் ஆபீஸ் என்றால் ஏறக்குறைய 750 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 104 ரூபாய் என்று கொள்வோம். பைக், 125 சி.சி. ரகம்: ஆன்ரோடு விலை 1.10 லட்சம், டிராஃபிக்கில் லிட்டருக்கு 50 கி.மீ. கார், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்: ஆன்ரோடு 8 லட்சம், அதே டிராஃபிக்கில் லிட்டருக்கு 13 கி.மீ.

இவையெல்லாம் நாம் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் வண்டி வேறு, தூரம் வேறு என்றால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

மைலேஜ் விஷயத்தில் மட்டும் கம்பெனி விளம்பரத்தில் வரும் எண்ணைப் போடாதீர்கள். டாம்டாம் நிறுவனத்தின் 2024 போக்குவரத்து அட்டவணைப்படி, புனேயில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 33 நிமிடம் 22 விநாடி ஆகிறது. உலக அளவில் 4-வது இடம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் எந்த இன்ஜினும் விளம்பர மைலேஜ் தராது. போதாததற்கு இ20 பெட்ரோல். எத்தனால் கலப்பு குறித்து 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே, பழைய வடிவமைப்பு கார்களில் 6–7 சதவீதமும் இருசக்கர வாகனங்களில் 3–4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று சொல்லியிருந்தது.

பெட்ரோல் மட்டும் பார்த்தால்

பைக்குக்கு மாதம் 15 லிட்டர், அதாவது 1,560 ரூபாய். காருக்கு ஏறக்குறைய 58 லிட்டர், 6,000 ரூபாய். கிலோமீட்டருக்கு பைக் 2 ரூபாய் சொச்சம், கார் 8 ரூபாய்.

வித்தியாசம் மாதம் 4,440 ரூபாய். பெரும்பாலானவர்கள் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். "நாலாயிரத்து ஐநூறுதானே அதிகம், ஏ.சி.யில் நனையாமல் போய்வரலாமே" என்று தோன்றும். பிரச்சினை என்னவென்றால், இது முழுக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

முழுக் கணக்கு

வண்டியை 5 ஆண்டு வைத்திருந்து விற்கிறோம் என்று கொள்வோம். பைக் 50,000 ரூபாய்க்குப் போகும், கார் 4 லட்சத்துக்குப் போகும். காருக்கு 6.4 லட்சம் கடன், 9% வட்டி, 5 ஆண்டு. பைக்குக்கு 88,000 ரூபாய் கடன், 11% வட்டி, 3 ஆண்டு. எல்லாவற்றையும் 60 மாதத்துக்குப் பிரித்தால் ஒரு மாதச் செலவு இப்படி வரும்:

பெட்ரோல்: பைக் ரூ.1,560, கார் ரூ.6,000
மதிப்புத் தேய்மானம்: பைக் ரூ.1,000, கார் ரூ.6,670
கடன் வட்டி: பைக் ரூ.260, கார் ரூ.2,620
இன்சூரன்ஸ் புதுப்பித்தல்: பைக் ரூ.100; கார் ரூ.700
சர்வீஸ், டயர், பேட்டரி: பைக் ரூ.500, கார் ரூ.1,250
ஹெல்மெட், ரெயின்கோட், கையுறை: பைக் ரூ.200
தினமும் கார் துடைக்க: கார் ரூ.500
மொத்தம்: பைக் ரூ.3,620; கார் ரூ.17,740

கிலோமீட்டருக்கு பைக் 5 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, கார் 23 ரூபாய் 65 காசு. ஏறக்குறைய ஐந்து மடங்கு. கையில் மாதம் 60,000 ரூபாய் வாங்குபவருக்கு, ஆபீஸ் போய்வரும் செலவு பைக்கில் சம்பளத்தில் 6%, காரில் 30%.

மொத்த வித்தியாசம் மாதம் 14,120 ரூபாய். அதில் பெட்ரோலின் பங்கு 4,440, அதாவது 31%. மீதி ஏறக்குறைய 70% நம் கண்ணில் படுவதே இல்லை. பெட்ரோல் பங்கில் வாரம் ஒருமுறை பணம் கொடுக்கிறோம், வலிக்கிறது. தேய்மானத்துக்கு யாரும் பில் அனுப்புவதில்லை. 5 ஆண்டு கழித்து விற்கப் போகும்போது மொத்தமாகத் தெரியும்.

இன்னொன்று. மேலே இருப்பது செலவுக் கணக்கு. மாதாமாதம் கையிலிருந்து போகும் பணம் இதைவிட அதிகம். கார் இ.எம்.ஐ. மட்டுமே 13,285 ரூபாய். அதோடு பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ், துடைக்கும் கூலி எல்லாம் சேர்த்தால் மாதம் 21,700 ரூபாய்க்கு மேல். விற்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும், ஆனால் அதுவரை பட்ஜெட் தாங்க வேண்டும்.

இன்சூரன்ஸில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சி.சி. வரையிலான இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 714 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு 3,416 ரூபாய். 2018 செப்டம்பரிலிருந்து, புது வண்டி வாங்கும்போதே பைக்குக்கு 5 ஆண்டு, காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்டியாக வேண்டும். அது ஆன்ரோடு விலையிலேயே அடங்கிவிடுவதால், நம் பட்டியலில் அடுத்தடுத்த ஆண்டுகளில் புதுப்பிக்கும் தொகையை மட்டுமே சேர்த்திருக்கிறோம்.

"ரெண்டும் இருக்கட்டும்" கணக்கு

நிறைய பேர் எடுக்கும் முடிவு இது: கார் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது, வாரநாட்களில் ஆபீசுக்கு பைக், மழை வந்தால் கார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கார் நின்றாலும் செலவு நிற்பதில்லை. தேய்மானம், வட்டி, இன்சூரன்ஸ், துடைக்கும் கூலி, ஓடினாலும் ஓடாவிட்டாலும் செய்ய வேண்டிய சர்வீஸ் என்று மாதம் சுமார் 10,740 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். (குறைவாக ஓடிய கார் விற்பனையில் கொஞ்சம் கூடுதல் விலை பெறும், அவ்வளவுதான்.) அதோடு பைக்கின் 3,620 ரூபாயைச் சேர்த்தால் 14,360. தினமும் காரிலேயே போவதைவிட மிச்சமாவது 3,380 ரூபாய்தான்.

அதாவது பெரிய செலவு, காரை ஓட்டுவதில் இல்லை, வைத்திருப்பதில் இருக்கிறது. வாங்கும் முடிவை எடுத்த அன்றே ஏறக்குறைய 60% செலவு முடிவாகிவிடுகிறது.

இதன் மறுபக்கம் நல்ல செய்தி. குடும்பத் தேவைக்காக ஏற்கெனவே கார் வாங்கிவிட்டவர், பக்கத்து பிளாக்கிலிருந்து அதே ஆபீசுக்குப் போகும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பெட்ரோலை மட்டும் பகிர்ந்தால் தலைக்கு 1,500 ரூபாய். தனியாக பைக்கில் போகும் 1,560 ரூபாயைவிடக் குறைவு. ஆனால் தேய்மானம், வட்டி எல்லாவற்றையும் சேர்த்து நான்காகப் பிரித்தால் 4,435 வரும். அப்போது பைக்தான் மலிவு. ஆகவே, ஆளைச் சேர்த்துக்கொண்டு போகலாம் என்ற நம்பிக்கையில் புதுக் கார் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. இருக்கும் காரில் ஆளைச் சேர்ப்பது ஒத்துவரும்.

வீடு பக்கத்தில் இருந்தால்?

வாக்கடில் இருக்கிறீர்கள், ஆபீஸ் 5 கி.மீ.தான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 220 கி.மீ. ஓடும். பெட்ரோல் செலவு காருக்கே 1,760 ரூபாய்தான். "கம்மியாத்தானே ஓடுது, கார் கட்டுப்படியாகும்" என்று தோன்றும். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. நிலையான செலவு அப்படியே இருப்பதால் மொத்தம் மாதம் சுமார் 12,800 ரூபாய். கிலோமீட்டருக்கு 58 ரூபாய். தூரம் குறையக் குறைய, ஒவ்வொரு கிலோமீட்டரும் விலை ஏறுகிறது.

இதிலிருந்து இன்னொரு வழியும் திறக்கிறது. கோத்ரூடிலிருந்து காரில் போய்வர நினைப்பவர், பைக்கிலேயே இருந்துகொண்டு, மிச்சமாகும் 14,000 ரூபாயில் பாதியைக் கூடுதல் வாடகையாகக் கொடுத்து ஆபீஸ் பக்கம் வீடு எடுத்தாலும் லாபம்தான். ரோட்டில் கழியும் நேரமும் குறையும்.

செலவைக் குறைக்க என்ன வழி?

பழைய கார்: 3.5 லட்சத்துக்கு வாங்கி 5 ஆண்டு கழித்து 2 லட்சத்துக்கு விற்றால், 12% வட்டியையும் கூடுதல் ரிப்பேர் செலவையும் சேர்த்தே மாதம் சுமார் 13,160 ரூபாய். புதுக் காரைவிட 4,500 ரூபாய் குறைவு. அப்போதும் பைக்கைவிட மூன்றரை மடங்குக்கு மேல்.

சி.என்.ஜி.: கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 20 கி.மீ. என்றால் காரின் எரிபொருள் செலவு 6,000-லிருந்து 3,375 ஆகும். ஆனால் சி.என்.ஜி. மாடலுக்கு வாங்கும்போதே ஏறக்குறைய 90,000 ரூபாய் கூடுதல். மாதக் கணக்கில் 1,500. நிகர லாபம் ஆயிரம் ரூபாய் சொச்சம். டிக்கியில் பாதி சிலிண்டருக்குப் போகும், பங்கில் வரிசையில் நிற்க வேண்டும். பைக்கிலும் சி.என்.ஜி. வந்துவிட்டது. பஜாஜ் தன் ஃப்ரீடம் 125 மாடலை 2024 ஜூலை 5-ல் புனேயில்தான் அறிமுகம் செய்தது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்: 100 கி.மீ.க்கு 3.5 யூனிட், யூனிட் 12 ரூபாய் என்று கொண்டால் மாதம் 315 ரூபாய். பெட்ரோல் பைக்கில் ஐந்தில் ஒரு பங்கு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் வேறு இடத்தில்: பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் வைக்க ஹவுஸ் ஓனரும் சொசைட்டியும் சம்மதிக்க வேண்டும். வண்டியை புக் செய்வதற்கு முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

பஸ்: பி.எம்.பி.எம்.எல். மாதாந்திர பாஸ் 2025 ஜூன் கட்டண உயர்வுக்குப் பிறகு 1,500 ரூபாய். பைக்கின் பெட்ரோல் செலவைவிடக் குறைவு. தேய்மானமும் இல்லை, இ.எம்.ஐ.யும் இல்லை. உங்கள் வழியில் நேரடி பஸ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஊர் வண்டியைக் கொண்டுவந்திருந்தால்

கோவையிலோ மதுரையிலோ வாங்கிய பைக்கை ரயில் பார்சலில் போட்டு புனேக்குக் கொண்டுவருபவர்கள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும். சொந்த ஊர் ஆர்.டி.ஓ.வில் தடையின்மைச் சான்று, மகாராஷ்டிராவில் புதிதாகச் சாலை வரி, பிறகு தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்பது என்று இது பணத்தோடு அலைச்சலும் சேர்ந்த வேலை.

புதிதாக வாங்குபவர்கள் பி.ஹெச். வரிசைப் பதிவைப் பார்க்கலாம். 2021-ல் வந்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் உண்டு. சாலை வரியை 2 ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும், வேலை மாறி பெங்களூரோ சென்னையோ போனாலும் நம்பர் மாற்ற வேண்டாம். 10 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு மகாராஷ்டிராவில் சாலை வரி 11%. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் உயர்வுக்குப் பிறகு 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13%.

பில்லில் வராத செலவு: உயிர்

இதுவரை போட்ட கணக்கில் பைக் எல்லா இடத்திலும் ஜெயித்தது. ஒரு வரிசையை இன்னும் சேர்க்கவில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதில் 44.5% பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

சாலையில் ஓடுவதில் பெரும்பகுதி டூவீலர்தான் என்பதால், இந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு பயணத்துக்கு எத்தனை மடங்கு ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: கார் மோதும்போது முதலில் நசுங்குவது தகடு, பைக் மோதும்போது உடம்பு. பைக் மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், அந்தத் தகடுக்கும் ஏர்பேக்குக்கும் நாம் பணம் கொடுக்கவில்லை என்பதே.

புனேக்கு இதில் தனிக் கதை உண்டு. 2019 ஜனவரியில் போலீஸ் ஹெல்மெட் விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கியபோது, எதிர்ப்புத் தெரிவித்து ஊர்வலம் போன நகரம் இது. இன்றும் ஐ.டி. பார்க் கேட் வரும்வரை ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கலாம்.

இன்சூரன்ஸிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வண்டி உரிமையாளர் ஓட்டும்போது விபத்து நடந்தால் அவருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். மாதம் 60,000 வாங்குபவருக்கு அது 25 மாதச் சம்பளம். ஊரில் அப்பா அம்மா, தங்கையின் படிப்பு, வீட்டுக் கடன் என்று பொறுப்பு இருப்பவருக்கு அது போதாது. பின்னால் உட்காருபவருக்கு இந்தக் காப்பீடு பொருந்தவும் பொருந்தாது. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றால், வேலையை விட்ட அன்று அதுவும் போய்விடும்.

ஆகவே பைக் என்று முடிவு செய்தால், மாதம் மிச்சமாகும் 14,120 ரூபாயில் 2,000 ரூபாயை இதற்கு ஒதுக்கலாம்: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு, ஏ.பி.எஸ். உள்ள மாடல், தேயும் முன்பே மாற்றும் டயர், சொந்தமாக ஒரு டேர்ம் பாலிசி, அதோடு விபத்தால் வரும் ஊனத்துக்கும் சேர்த்துத் தனிநபர் விபத்துக் காப்பீடு. அப்போதும் மாதம் 12,000 ரூபாய் கையில் நிற்கும். இதைச் செய்யாமல் பைக் ஓட்டினால், மிச்சம் பிடித்ததாக நாம் நினைக்கும் பணத்தில் ஒரு பகுதி குடும்பத்தின் தலையில் ஏற்றி வைத்த கடன்தான்.

நேரமும் பணம்தானே?

டாம்டாம் சராசரியை வைத்தால் 17 கி.மீ.க்கு காரில் 57 நிமிடம். இடுக்கில் புகுந்து போகும் பைக்கில் ஒருவழிக்கு 15 நிமிடம் மிச்சமானால், மாதம் 11 மணி நேரம். ஒரு வேலைநாளுக்கு மேல். ஆனால் அந்த நேரம் முழுக்கப் புகையிலும் தூசியிலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையிலும் கழிகிறது. முதுகுவலியோ ஆஸ்துமாவோ இருப்பவருக்கு அந்த 15 நிமிடம் லாபமே இல்லை.

அப்படியென்றால் யாருக்கு எது?

தனியாக, தினமும், 20 கி.மீ.க்குள் போய்வருபவர், வேறு கடன் பொறுப்பு இருப்பவர், அவசரச் சேமிப்பு இன்னும் சேராதவர்: பைக்கோ எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோ போதும், மேலே சொன்ன பாதுகாப்புச் செலவோடு.

கைக்குழந்தை, வயதான பெற்றோர், உடல்நலக் காரணம், இரவு ஷிப்ட் உள்ளவர்: கார் நியாயமான தேவை. ஆனால் அதைக் குடும்பச் செலவாகப் பாருங்கள், ஆபீஸ் போகும் செலவாக நியாயப்படுத்த வேண்டாம். பழைய கார் முதல் தேர்வாக இருக்கட்டும், ஓடும்போது ஆளோடு ஓடட்டும்.

மழைக்காலத்துக்காக மட்டும் கார் தேடுபவர்: நான்கு மாதம், மாதம் பத்து நாள், தினமும் போகவர 1,000 ரூபாய் கொடுத்து கேப் பிடித்தாலும் ஆண்டுக்கு 40,000 ரூபாய்தான். கார் சும்மா நிற்கவே ஆண்டுக்கு 1.28 லட்சத்துக்கு மேல் ஆகிறது.

கடைசியாக, 5 ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போடும் முன் ஊரின் திட்டத்தையும் பாருங்கள். ஹிஞ்சவடியை சிவாஜிநகரோடு இணைக்கும் 23 கி.மீ. மெட்ரோ 3-வது வழித்தடத்துக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். முடிக்கும் தேதி பலமுறை தள்ளிப்போனது. அதை நம்பி இன்றைக்கு வண்டி வாங்காமல் இருக்க முடியாது. ஆனால் உங்கள் வீடோ அடுத்த வாடகை வீடோ அந்தப் பாதையில் இருந்தால், மூன்றாவது வருஷம் கார் பார்க்கிங்கில் நிற்கும், இ.எம்.ஐ. மட்டும் ஓடும். அப்படியொரு நிலை வருமா என்று ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.